‘எங்கள் தாத்தா கங்காணி’: இதில் பயனிலை எங்கே?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகளின் பயிற்சிப் புத்தகத்தைப் படம் பிடித்து ஒரு தாயார் எனக்கு அனுப்பியிருந்தார். எழுவாய்க்கு ஒற்றைக் கோடு, பயனிலைக்கு இரட்டைக் கோடு போடச் சொல்லும் பயிற்சி. ‘எங்கள் தாத்தா கங்காணி’ என்ற வாக்கியத்துக்கு நேரே பிள்ளை ‘பயனிலை இல்லை’ என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் தப்பு. ‘யார் அந்தச் சிறுமி?’ என்பதில் ‘யார்’ என்ற சொல்லுக்கு இரட்டைக் கோடு போட்டிருக்கிறாள். அதற்கும் தப்பு. கூடவே தாயாரின் குறிப்பு: “ஐயா, பயனிலைன்னா வினைச்சொல்தானே? நான் படிக்கும்போது அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. வினையே இல்லாத வாக்கியத்துல பயனிலைய எங்கன்னு தேடுறது? அந்தப் பேருக்கு என்னதான் அர்த்தம்?”

தங்கச்சி, உங்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களில் ஒருவனாக நானும் இருந்திருக்கலாம். இந்த வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வெண்கட்டி பிடித்தவன் நான். ஆறாம் ஆண்டில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலம் அது. கடைசியாக 2019-இல் நடந்து, 2021-இல் அதை எடுத்தேவிட்டார்கள். தேர்வு நெருங்கும் மாதங்களில் எல்லா ஆசிரியரும் குறுக்கு வழிதான் சொல்வோம்: “கடைசிச் சொல்லைப் பாரு, அது வினையா இருக்கும், ரெட்டைக் கோடு போடு, அடுத்ததுக்குப் போ.” பத்துக்கு எட்டுக் கேள்வியில் அந்த வழி பலிக்கும். ஒருநாள் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “சார், ‘இது யாருடைய மங்கு?’ன்னு கேட்டா, கடைசிச் சொல் மங்குதானே, அது வினையா?” என்றான். (மங்கு என்றால் கிண்ணம்.) வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம்தான் பல வருடத்துக்குப் பிறகு நன்னூலை எடுத்துப் பிரித்தேன்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெயரை எடுத்து முன்னால் வைக்கிறோம், அது எழுவாய். அதைப் பற்றி நாம் சொல்ல வந்த சேதி எந்தச் சொல்லில் போய் நிற்கிறதோ அது பயனிலை. பெரும்பாலும் அங்கே வினைமுற்று நிற்கும். பெயரும் நிற்கலாம், வினாச்சொல்லும் நிற்கலாம். ‘எங்கள் தாத்தா கங்காணி’ என்பதில் பயனிலை ‘கங்காணி’.

பெயரின் அர்த்தம் கேட்டீர்கள். பயன் + நிலை = பயனிலை. வான் + நிலை = வானிலை என்று ஆகிறதே, அதே கணக்கு. வானிலை அறிக்கையை ‘வான் இலை’ என்று யாரும் பிரிப்பதில்லை. ஆனால் இதை மட்டும் பிள்ளைகள் ‘பயன் இல்லை’ என்று பிரித்துவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. திருக்குறளில் 20-ஆம் அதிகாரம் ‘பயனில சொல்லாமை’. அங்கே உள்ளது ‘பயன் இல’. ஒன்றுக்கும் உதவாத பேச்சைப் பேசாதே என்கிறது அந்த அதிகாரம். இலக்கணத்தில் வரும் பயனிலையோ பேச்சின் பயன் வந்து நிற்கும் நிலை. ‘எங்கள் தாத்தா’ என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. “ஆமா, உங்க தாத்தாவுக்கு என்ன?” என்பார். ‘கங்காணி’ என்று சொன்னதும் வாயைத் திறந்ததற்கு ஒரு பயன் கிடைத்துவிட்டது. பயிற்சிப் புத்தகங்களில் ‘எழுவாயின் செயலைக் காட்டும் சொல் பயனிலை’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்தப் பெயரையே பிள்ளைக்கு விளக்கிச் சொன்னால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு இது முழுசாக விளங்கியது நன்னூலைப் பிரித்த அந்த இரவில். விளக்கியது நூற்பா; அதற்கு உயிர் கொடுத்தது சிறுவயதில் பார்த்த பெரட்டு, அதாவது தோட்டத்தில் வேலை தொடங்குமுன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் அவரோடு பெரட்டுக்குப் போவேன். விடிந்தும் விடியாத நேரம். வெயில் ஏறினால் பால் ஓடாது என்பதால் அத்தனை அவசரம். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கங்காணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துப் பெயர் வாசிப்பார். பெயர் மட்டும்தான் வாசிப்பார். மீதியைக் கூட்டம் சொல்லும். பெயர்களை நான் மாற்றிச் சொல்கிறேன்.

“மாரிமுத்து?”

“வந்துட்டான்.”

“ராமாயி?”

“புள்ளத்தாச்சி, கங்காணி. இனிமே வெளிக்காட்டுக்குத்தான்.” (பால் வெட்டு அல்லாத மற்றத் தோட்ட வேலைக்கு.)

“காத்தான்?” சத்தம் இல்லை. கங்காணி தலையைத் தூக்கி, “காத்தான் எங்கடா?”

இந்த நாலு வரிக்குள் பயனிலையின் மூன்று வகையும் வந்துவிட்டது. மாரிமுத்து வந்துவிட்டான்: வினைப் பயனிலை. ராமாயி பிள்ளைத்தாய்ச்சி: பெயர்ப் பயனிலை. காத்தான் எங்கே: வினாப் பயனிலை. கங்காணி வாசித்தது முழுக்க எழுவாய்ப் பட்டியல். கூட்டம் கொடுத்தது பயனிலை. செக்ரோலில் ஆள் பெயருக்கு நேரே ஒரு கட்டம் இருக்குமே, அந்தக் கட்டத்தை எது நிரப்புகிறதோ அதுதான்.

நன்னூல் 295-ஆம் நூற்பா இதைத்தான் சொல்கிறது: ‘எழுவாய் உருபு திரிபில் பெயரே, வினைபெயர் வினாக்கொளல் அதன் பயனிலையே.’ உருபு ஏற்றுத் திரியாத பெயர் எழுவாய். வினை, பெயர், வினா மூன்றையும் கொள்வது அதன் பயனிலை. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதியது. வினை மட்டும்தான் பயனிலை என்று அவர் சொல்லவே இல்லை. அவருக்கு வெகுகாலம் முந்திய தொல்காப்பியம், வேற்றுமையியலில், இதையே ஆறாகப் பிரித்து வைத்திருந்தது: பொருண்மை சுட்டல், வியங்கொள வருதல், வினைநிலை உரைத்தல், வினாவிற்கு ஏற்றல், பண்புகொள வருதல், பெயர்கொள வருதல். உரைகாரர்கள் இதற்கு ‘ஆ’ என்ற பசுவைக் கொண்டுவந்து கட்டினார்கள்: ஆ உண்டு, ஆ செல்க, ஆ கரிது, ஆ பல என்று போகும். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால் மாடு கட்டியிருந்த நமக்கு இது ரொம்ப சுலபம். மாடு உண்டு. மாடு வாழ்க. மாடு வந்தது. மாடு எது? மாடு கறுப்பு. மாடு ஆறு. ஆறு வாக்கியம், மாடுதான் ஆறிலும் எழுவாய். இவற்றில் ‘வந்தது’ ஒன்றுதான் மாடு செய்த வேலை. ‘செயலைக் காட்டும் சொல்’ என்ற விளக்கத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற மாடுகளுக்கெல்லாம் பயனிலையே இல்லாமல் போகும்.

அடுத்து, இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. உங்கள் மகளைத் தடுக்கி விழ வைத்தது அதுதான். வினைச்சொல், பெயர்ச்சொல் என்பவை சொல்லின் சாதி. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்பவை வாக்கியத்துக்குள் அந்தச் சொல்லுக்குக் கிடைத்த வேலை. தோட்டத்தில் கங்காணி என்பது வேலை, முனியாண்டி என்பது ஆள். இந்த வருடம் முனியாண்டி கங்காணி; அடுத்த வருடம் வேறொருவர். ‘கங்காணி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கங்காணி வந்தார்’ என்பதில் அது எழுவாய். ‘கங்காணியைக் கூப்பிடு’ என்பதில் செயப்படுபொருள். ‘தாத்தா கங்காணி’ என்பதில் பயனிலை. ஒரே சொல், மூன்று வேலை. ‘பயனிலை என்றால் வினைச்சொல்’ என்பது ‘கங்காணி என்றால் முனியாண்டி’ என்பது போலத்தான். சில காலம் சரியாக இருக்கும்.

உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஓர் எளிய வழி மலாய்ப் பாடத்திலேயே இருக்கிறது. நம் பிள்ளைகள் மூன்று மொழி படிக்கிறார்கள். வாக்கியத்துக்கு வினை கட்டாயம் வேண்டும் என்ற எண்ணம் ஆங்கில வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது. அங்கே ‘தாத்தா கங்காணி’ என்று நேராகச் சொல்ல முடியாது, நடுவில் ‘இஸ்’ போட்டே ஆக வேண்டும். மலாயில் அந்தக் கட்டாயம் கிடையாது. ‘ஆயாஹ் சாயா குரு’: என் அப்பா ஆசிரியர். அவ்வளவுதான். (ஆயா என்றதும், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை ஆயாவை நினைத்து முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் சிரிப்பது எல்லா வருடமும் நடக்கும்.) மலாய் இலக்கணத்தில் அடிப்படை வாக்கிய அமைப்பு நான்கு. சுப்ஜேக் (எழுவாய்) எப்போதும் பெயர்த்தொடர். பிரெடிகாட் (பயனிலை) பெயர்த்தொடராகவோ, வினைத்தொடராகவோ, பண்புத்தொடராகவோ, ‘டி பாசார்’ என்பது போல முன்னிடைச்சொல் தொடராகவோ வரலாம். ‘எமாக் டி பாசார்’ என்பதை அப்படியே ‘அம்மா பசாரில்’ என்று தமிழில் சொன்னால் யாருக்கும் இடிக்காது. ஆகவே மகளிடம், “மலாய்ல வினை இல்லாம பிரெடிகாட் வருதுல்ல? அதே மாதிரிதான்” என்று ஆரம்பியுங்கள்.

ஆனால் அதே இடத்தில் ஒரு பள்ளமும் இருக்கிறது. மலாயில் பிரெடிகாட் என்றால் சுப்ஜேக் போக மீதி எல்லாம். ‘ஆயாஹ் மெம்பாச்சா சூராட் காபார்’ என்பதில் வாசிப்பதும் நாளிதழும் சேர்ந்து பிரெடிகாட். தமிழ்ப் பாடத்தில் ‘அப்பா நாளிதழ் வாசித்தார்’ என்றால் மூன்று துண்டு: எழுவாய் அப்பா, செயப்படுபொருள் நாளிதழ், பயனிலை வாசித்தார் மட்டும். நாளிதழுக்கும் சேர்த்து இரட்டைக் கோடு இழுத்துவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், “மலாய் சிக்கு அப்படித்தான் சொன்னாங்க” என்பார்கள். (சிக்கு என்றால் ஆசிரியர்.) இரண்டு பேரும் சொன்னது சரி, அளவுகோல்தான் வேறு. அதுபோல ‘எங்கள் தாத்தா பழைய கங்காணி’ என்று இருந்தால் ‘பழைய’ என்பது பயனிலைக்கு வந்த அடை. இரட்டைக் கோடு ‘கங்காணி’க்கு மட்டும்.

எந்தப் புத்தகத்திலும் பார்க்காத ஒரு சோதனை இது. இலக்கண விதி என்று யாரிடமும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். நம்மூர்ப் பேச்சில் அழுத்தத்துக்காகச் சொல்லின் கடைசியில் ‘லா’ போடுகிறோமே, பெரும்பாலும் அது பயனிலையில்தான் போய் ஒட்டும். “எங்க தாத்தா கங்காணிலா.” “அவன் அப்பவே போய்ட்டான்லா.” “எனக்கு மலாய் தெரியும்லா.” ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒருமுறை இதைச் சொன்னேன். பிறகு கோடு போடுவதற்கு முன்னால் பிள்ளைகள் உதட்டுக்குள் லா போட்டுப் பார்ப்பது கேட்கும். தமிழை லா கெடுத்துவிட்டது என்று புலம்புபவர்களுக்கு நடுவில் எனக்கு அது ஒரு சின்னச் சந்தோஷம்.

‘எனக்கு மலாய் தெரியும்’ என்ற வாக்கியத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், பெரியவர்களும் தவறுகிற இடம் அது. எழுவாய் எது என்று கேட்டால் பத்தில் ஏழு பேர் ‘எனக்கு’ என்பார்கள். தெரிந்தவன் நான்தானே என்பது அவர்கள் வாதம். நன்னூல் சொன்னதைத் திரும்பப் பாருங்கள்: திரிபில் பெயர். ‘எனக்கு’ என்பது ‘கு’ உருபு ஏற்றுத் திரிந்துவிட்டது. உருபு ஏறிய பெயர் எழுவாய் ஆகாது. மலாய் தெரியும் என்பதில் எழுவாய் மலாய், பயனிலை தெரியும், ‘எனக்கு’ என்பது யாருக்கு என்று காட்டும் நான்காம் வேற்றுமை. ‘அவளுக்குத் தலை வலிக்கிறது’ என்பதில் வலிப்பது தலை. அதனால்தான் ‘வலிக்கிறாள்’ என்று நம் வாயில் வருவதே இல்லை. மொழிக்கு எழுவாய் எது என்று நன்றாகத் தெரியும், கோடு போடும்போதுதான் நமக்கு மறந்து போகிறது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதில் எழுவாயைத் தேடிக் களைத்துப் போகாதீர்கள். அங்கே பயனிலை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது, அது நிற்கும் வரை வாக்கியமும் நிற்கும்.

தமிழில் பயனிலைக்கு உள்ள பலமே அதுதான். ‘வந்தேன்’ என்று ஒரே சொல் சொன்னால் வந்தது நான் என்பதும் ஒருவன்தான் என்பதும் வந்தாயிற்று என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. எழுவாயை வெளியே விட்டுவிடலாம். அதற்குத் தோன்றா எழுவாய் என்று மரியாதையான பெயரே இருக்கிறது. பேச்சில் சில நேரம் பயனிலையும் மறையும். “அம்மா எங்க?” “கடைக்கு.” போயிருக்கிறார் என்பதைக் கேட்டவரே போட்டுக்கொள்வார்.

கடைசிச் சொல்தான் பயனிலை என்ற குறுக்கு வழி எங்கே உடைகிறது என்பதற்கு நம் எல்லாருக்கும் மனப்பாடமான ஒன்றே சாட்சி. ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு.’ கடைசிச் சொல் ‘உலகு’. அது பயனிலையா? இல்லை, எழுவாய். எழுத்தெல்லாம் அகரமாகிய முதலை உடையன. உலகம் ஆதி பகவனாகிய முதலை உடைத்து. இரண்டு எழுவாய், இரண்டு பயனிலை, இரண்டு இடத்திலும் பயனிலை முந்திக்கொண்டு வருகிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. எழுத்தெல்லாம் என்பது பன்மை, அதற்கு ‘முதல’ என்று பன்மை. உலகு ஒருமை, அதற்கு ‘முதற்று’ என்று ஒருமை. முன்பின்னாக மாற்றிப் போட்டாலும் எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இசைவு ஒரு நூல் பிசகவில்லை. அடுத்த குறளிலேயே ‘கற்றதனால் ஆய பயனென்கொல்’ என்று வருகிறது. அங்கே எழுவாய் ‘பயன்’, பயனிலை ‘என்’ என்ற வினா. பயனே எழுவாயாக வந்து நிற்பதைப் பார்த்து நான் மட்டும் சிரித்துக்கொள்வேன்.

இந்த இசைவுக்காகத்தான் பயனிலையைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். கோடு போடுவது வெறும் பயிற்சி. கட்டுரை எழுதும்போதுதான் அதன் பலன் தெரியும். ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும் மாணவர்கள் கட்டுரையில் அடிக்கடி பார்த்த வகை இது: ‘தோட்டப்புறத்தில் வாழ்ந்த மக்களின் வாழ்க்கை மிகவும் சிரமமாக இருந்தனர்.’ எழுதிய பிள்ளைக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. வாக்கியம் நீண்டதும் பக்கத்தில் கேட்ட ‘மக்கள்’ காதில் ஒட்டிக்கொண்டது. சிவப்புக் கோடு போட்டால் மட்டும் அவனுக்குப் புரியாது. “பயனிலை எது? இருந்தனர். எது அப்படி இருந்தது? வாழ்க்கை. வாழ்க்கை இருந்தனரா?” என்று கேட்டால் அவனே ‘இருந்தது’ என்று திருத்துவான். ‘மாணவர்களின் படைப்புகள் அனைவரையும் கவர்ந்தது’ என்பதும் அந்த ரகம். எது கவர்ந்தது? படைப்புகள். அப்படியானால் கவர்ந்தன. இதில் பிள்ளைகளை அதிகம் கோபித்துக்கொள்ள முடியாது. வீட்டில் நாம் ‘மாடுங்க வந்துச்சு’ என்றுதான் பேசுகிறோம், அஃறிணைப் பன்மை பேச்சில் இல்லவே இல்லை. எழுத்தில் மட்டும் திடீரென்று ‘வந்தன’ எங்கிருந்து வரும்? ‘நான் சாப்பிட்டாச்சு’ என்பதும் அப்படித்தான். பேச்சுக்கு அழகு, கட்டுரையில் ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்று பயனிலையை நானுக்கு இசைய வைத்துவிட வேண்டும்.

இன்னொரு தவறு, வாக்கியம் முடிவதற்கு முன்பே முற்றுப்புள்ளி வைப்பது. ‘அப்பா விடியற்காலையில் எழுந்து, பால் வாளிகளை எடுத்துக்கொண்டு, நிரைக்குப் போய்.’ (நிரை என்பது பால்மர வரிசை.) மூன்று வினை இருக்கிறது, ஒன்றுகூடப் பயனிலை இல்லை. எழுந்து, எடுத்துக்கொண்டு, போய் எல்லாம் வினையெச்சம். எச்சம் என்றாலே மிச்சம் இருக்கிறது என்று பொருள். ‘வெட்டிய மரம்’ என்பதில் வரும் ‘வெட்டிய’ பெயரெச்சம். அதுவும் பயனிலை ஆகாது, மரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு நான் வைத்திருந்த சோதனை பாட்டி கதை. பாட்டி கதை சொல்லும்போது நாம் ‘ம்’ கொட்டுவோம் இல்லையா? வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லி நிறுத்து. கேட்பவன் “ம்… அப்புறம்?” என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் பயனிலை இன்னும் வரவில்லை. “சரி” என்று மூச்சை விட்டுவிட்டால் வந்துவிட்டது. பாட்டி இல்லாத வீட்டில் நீங்கள் ம் கொட்டலாம்.

‘ஆவார்’, ‘ஆகும்’ பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுத்து நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள். ‘எங்கள் தாத்தா ஒரு கங்காணி ஆவார்’ என்று எழுதினால்தான் வாக்கியம் முழுமை என்று சில வகுப்புகளில் பழக்கியிருக்கிறார்கள். தவறு இல்லை. ஆனால் தேவையும் இல்லை. வினை இல்லாத குறையைத் தீர்க்க அதை ஒட்டுவதாக நினைப்பதுதான் எனக்குச் சம்மதம் இல்லாதது. அங்கே குறையே கிடையாது. ‘ஒரு’ என்பது அதைவிடத் தேவையில்லாதது. தாத்தா இரண்டு கங்காணியாகவா இருக்கப் போகிறார்? மறுக்கும்போது மட்டும் வினை வந்தே தீரும்: ‘தாத்தா கங்காணி அல்லர்.’ அங்கே இரட்டைக் கோடு ‘அல்லர்’ என்ற குறிப்பு வினைமுற்றுக்குப் போகும். பேச்சில் ‘கங்காணி இல்ல’ என்போம்.

இனி அந்த இரண்டாவது சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன். ‘யார் அந்தச் சிறுமி?’ ஆசிரியர் ‘சிறுமி’க்கு இரட்டைக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார், நான் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே கடைசிச் சொல் குறுக்கு வழியில். பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு முன்னாலேயே காட்டிவிட்ட ஆள் யார்? ‘அந்த’ச் சிறுமி. அவளைப் பற்றிய கட்டம்தான் காலியாக இருக்கிறது, அதை நிரப்பக் கேட்பது ‘யார்’. ‘அந்தச் சிறுமி யார்?’ என்று திருப்பிப் போட்டால் பளிச்சென்று தெரியும். எழுவாய் சிறுமி, பயனிலை யார், வினாப் பயனிலை. உங்கள் மகள் போட்ட கோடு சரி. முதல் கேள்வியில் ‘இல்லை’ என்று எழுதியவளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டுப் பாருங்கள். காதால் கேட்டுப் போட்டிருப்பாள். நாளைக்குப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பும்போது, “டீச்சர், நன்னூல்ல வினாவும் பயனிலைன்னு இருக்காம், ஒருதடவை பார்க்குறீங்களா?” என்று மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மதிப்பெண் அவளுக்குச் சேர வேண்டியது.